டெய்லர் ஸ்விஃப்ட்டின் இசைக் காணொளிகளில் வகைமை மரபுகளைப் பகுத்தாய்வது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பாப் பாடகரின் காணொளிகளைப் பார்த்து, அவை தாம் சார்ந்த இசை வகைமையின் மரபுகளை எங்கே பின்பற்றுகின்றன, எங்கே வளைக்கின்றன என்று எழுதுவது, ஊடகவியல் படிக்கத் தொடங்குபவர்களுக்குத் தரப்படும் வழக்கமான பயிற்சிகளில் ஒன்று. எளிதாகத் தோன்றுவதாலேயே பலர் இதில் சறுக்குகிறார்கள். கிட்டார் தெரிந்தால் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை), நடனம் தெரிந்தால் பாப், காடு தெரிந்தால் ஃபோக் (நாட்டுப்புறச் சாயல் இசை) என்று திரையில் தெரியும் பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டு, அதையே பகுப்பாய்வு என்று முடித்துவிடுகிறார்கள். பொருள்கள் சீக்கிரம் மாறிவிடும். அவை எந்த வரிசையில், எந்த உறவில் கோக்கப்படுகின்றன என்பதோ அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள டெய்லர் ஸ்விஃப்ட்டை விடப் பொருத்தமானவர் அரிது. 2006இல் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி பாடகியாக அறிமுகமான அவர், 2014இல் தம் முதல் அதிகாரபூர்வ பாப் ஆல்பம் என்று அறிவித்தே பாப் இசைக்கு வந்தார். 2020இல் இண்டி ஃபோக் பக்கம் திரும்பினார். ஒருவரே மூன்று வகைமைகளிலும் நின்றிருப்பதால், மாறியது எது, மாறாமல் நின்றது எது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

திரைப்படப் பாடல்களோடு வளர்ந்த தமிழ்ப் பார்வையாளர் ஒரு பழக்கத்தை மட்டும் இங்கே ஒதுக்கிவைக்க வேண்டும். நம் பாடல்காட்சிக்கு முன்னும் பின்னும் ஒரு கதை இருக்கும். நாயகன் ஏன் மழையில் ஆடுகிறான் என்பதற்கான காரணம் படத்தில் எங்கோ சொல்லப்பட்டிருக்கும். இசைக் காணொளிக்கு அந்த வசதி இல்லை. நான்கு நிமிடங்களுக்குள் இடத்தையும் ஆளையும் உணர்ச்சியையும் பார்வையாளருக்குப் புரியவைத்தாக வேண்டும். அதனால்தான் அது மரபுகளை இவ்வளவு அதிகமாக நம்பியிருக்கிறது.

காணொளிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்விஃப்ட்டின் எல்லாக் காணொளிகளையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை ஒன்றிலும் ஆழமாகப் போகாது. நான்கைந்து போதும், ஆனால் அவை ஒரே காலத்தவையாக இருக்கக்கூடாது. இந்தக் கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்பவை ‘லவ் ஸ்டோரி’ (2008, இயக்கம் ட்ரே ஃபேன்ஜாய்), ‘யூ பிலாங் வித் மீ’ (2009, ரோமன் வைட்), ‘ஷேக் இட் ஆஃப்’ (2014, மார்க் ரோமனெக்), ‘பிளாங்க் ஸ்பேஸ்’ (2014, ஜோசஃப் கான்), ‘கார்டிகன்’ (2020, ஸ்விஃப்ட்டே இயக்கியது) ஆகியவை. ஒவ்வொன்றின் ஆண்டையும் இயக்குநரையும் குறித்துக்கொண்டே தொடங்குங்கள். இல்லாவிட்டால் இயக்குநரின் கைவண்ணத்தையெல்லாம் பாடகியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பதிப்பையும் சரிபார்க்க வேண்டும். 2021 முதல் 2023 வரை ஸ்விஃப்ட் தம் பழைய ஆல்பங்களில் சிலவற்றை மறுபதிவு செய்து வெளியிட்டதால், ‘லவ் ஸ்டோரி’ என்று தேடினால் 2008 காணொளியோடு, மறுபதிவுக்கான பாடல்வரிக் காணொளியும் வரும். நமக்கு வேண்டியது முன்னது. ‘பேட் பிளட்’ பாடலை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆல்பத்தில் உள்ள பாடல் ஸ்விஃப்ட் தனியாகப் பாடியது. 2015இல் வெளிவந்த காணொளியில் ஒலிப்பதோ ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் சேர்ந்த மறுகலவை (ரீமிக்ஸ்). ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டு காணொளியைப் பற்றி எழுதினால், ஹிப்-ஹாப் எங்கிருந்து வந்தது என்பதே புரியாமல் போகும்.

மரபுகளை முன்கூட்டியே எழுதிவைத்தல்

இதைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஆய்வுக்குரிய காணொளியைப் பார்த்த பிறகு மரபுகளைத் தேடினால், அதில் இருப்பதெல்லாம் மரபாகவே தெரியும். எனவே முதலில் அதே காலத்து வேறு பாடகர்களைப் பாருங்கள். 2008ஐப் புரிந்துகொள்ள கன்ட்ரி பாடகர்கள் கேரி அண்டர்வுட், மிராண்டா லாம்பர்ட், பிராட் பெய்ஸ்லி ஆகியோரின் அந்தக் காலத்துக் காணொளிகளில் சிலவற்றையும், 2014ஐப் புரிந்துகொள்ள பாப் பாடகிகள் கேட்டி பெர்ரி, பியான்சே ஆகியோரின் காணொளிகளையும் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்ப வருபவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

எழுதும்போது தாளை இரண்டாகப் பிரிப்பது நல்லது. திரைப்பட ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984இல் திரைப்பட வகைமைகளைப் பற்றிச் சொன்ன ஒரு யோசனை இங்கே கைகொடுக்கிறது: ஒரு வகைமையை அதன் கூறுகளாலும் அடையாளம் காணலாம், அந்தக் கூறுகள் பிணைக்கப்படும் அமைப்பாலும் அடையாளம் காணலாம். கன்ட்ரி காணொளி என்றால், இடப்பக்கத்தில் வீட்டுத் திண்ணை, பிக்கப் வண்டி, வயல்வெளி, சிற்றூர்ப் பள்ளி, கையில் அக்குஸ்டிக் கிட்டார், அலட்டல் இல்லாத ஆடை ஆகியவை வரும். வலப்பக்கத்தில் வருபவை வேறு: பாடகர் தம் கதையைத் தாமே சொல்வது, காலம் முன்னும் பின்னும் தாவுவது, கடைசிச் சரணத்திலோ கடைசிப் பல்லவியிலோ கதை திரும்புவது, பாடுபவரின் நேர்மையை நாம் ஐயப்படாமல் ஏற்றுக்கொள்வது. பாப் காணொளிக்கு இடப்பக்கத்தில் ஒத்திசைந்த குழு நடனம், அடிக்கடி மாறும் காஸ்ட்யூம், ஸ்டுடியோவில் அமைத்த செட், பிரபலங்களின் தலைகாட்டல். வலப்பக்கத்தில் தொடர்கதைக்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்ட காட்சித் துண்டுகள், நட்சத்திரமே காட்சிப் பொருளாக நிற்பது, கேமராவை நேராகப் பார்த்துப் பாடுவது. இண்டி ஃபோக்குக்கு மரம், பாசி, கம்பளி, மங்கிய ஒளி, தனிமை என்று சுருக்கமாக எழுதிக்கொண்டால் போதும். அதன் வலப்பக்கம் காணொளியைப் பார்க்கும்போது தானாக நிரம்பும்.

கேட்டல், பிறகு பார்த்தல்

காணொளியைத் திறப்பதற்கு முன் பாடலை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். எந்தக் கருவி எங்கே நுழைகிறது, பல்லவி எப்போது வருகிறது, எந்த இடத்தில் இசை அடங்குகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். அடுத்து ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறைதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி ஷாட் அட்டவணை. நேரம், ஷாட்டின் அளவு, இடம், ஆடையும் ஒளியும், யார் யாரைப் பார்க்கிறார், அப்போது இசையில் நடப்பது என்ன என ஆறு நெடுவரிசைகள் போதும். யூடியூபில் காணொளியை நிறுத்திவைத்து, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகரும்; காற்புள்ளி விசையை அழுத்தினால் பின்னே வரும். முழுக் காணொளிக்கும் அட்டவணை போடப் பொறுமை இல்லையென்றால், தொடக்க அரை நிமிடம், முதல் பல்லவி, பாலம் எனப்படும் இசை மாறும் பகுதி, கடைசி அரை நிமிடம் ஆகிய நான்கையாவது முழுமையாகப் போட்டுவிடுங்கள். பல்லவியில் எத்தனை ஷாட் வருகிறது என்று எண்ணி, பல்லவியின் நீளத்தை அதனால் வகுத்தால் சராசரி ஷாட் நேரம் கிடைக்கும். ‘வேகமான படத்தொகுப்பு’ என்று எழுதுவதை விட அந்த எண்ணை எழுதுவது எவ்வளவோ மேல்.

‘யூ பிலாங் வித் மீ’ பாடலை இந்த முறையில் அணுகினால் முதல் சில நொடிகளிலேயே ஒன்று கிடைக்கிறது. பாடல் கன்ட்ரி இசைக்குரிய தந்திக்கருவியான பாஞ்சோவின் ஒலியோடு தொடங்குகிறது. ஆனால் பாஞ்சோ திரையில் இல்லை. நாம் பார்ப்பது அடுத்தடுத்த இரு வீடுகளின் எதிரெதிர் ஜன்னல்களை. பதின்வயதுப் பெண் ஒருத்தியும் அடுத்த வீட்டுப் பையனும் பெரிய தாள்களில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். அவள் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறாள். தோழிகளின் பெயர்களைப் பேனாவால் கிறுக்கிய, ‘ஜூனியர் ஜுவல்ஸ்’ என்று எழுதிய டி-ஷர்ட் போட்டிருக்கிறாள். காதலைச் சொல்லும் தாளை அவள் உயர்த்தும்போது அவன் திரைச்சீலையை மூடிவிட்டிருக்கிறான். பிறகு வருவது பள்ளிக் கால்பந்து மைதானம், பேண்டு வாத்தியக் குழுவின் சீருடையில் அவள், சிவப்புத் திறந்த காரில் அவனுடைய காதலி, இறுதியில் பள்ளி நடன விருந்து. இவை கன்ட்ரி மரபை விட ஹாலிவுட்டின் பள்ளிக்காலக் காதல் படங்களுக்கே நெருக்கமானவை. திண்ணையும் பிக்கப் வண்டியும் காணாமல் போய்விட்டன.

அப்படியானால் இது பாப் காணொளியா? இங்கேதான் தாளின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பாடுபவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். கதை நேர்கோட்டில் சென்று கடைசிப் பல்லவியில் திரும்புகிறது: வெள்ளை உடையில் விருந்துக்கு வரும் அவள் பழைய தாளை விரிக்க, அவனும் அதே சொற்களை எழுதிய தாளை எடுக்கிறான். பாடகி வாயசைப்பதும் கதைக்குள்ளேயே, தன் அறையில், தன் கண்ணாடிக்கு முன்னால். ஆக, கூறுகள் பள்ளிக்காலப் படங்களுக்கு நகர்ந்துவிட்டன. அமைப்பு இன்னும் கன்ட்ரியாகவே நிற்கிறது. இதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. அந்த ஆண்டுகளில் ஸ்விஃப்ட்டின் பாடல்கள் கன்ட்ரி வானொலிக்கு ஒரு கலவையாகவும், பாப் வானொலிக்கு நாட்டுப்புறக் கருவிகளின் ஒலியைக் குறைத்த வேறொரு கலவையாகவும் அனுப்பப்பட்டன. கன்ட்ரி இசைத் தொலைக்காட்சியான சிஎம்டிக்கும் பாப் பக்கத்து எம்டிவிக்கும் ஒரே காணொளி பொருந்த வேண்டியிருந்தது. 2009இல் இது எம்டிவியின் சிறந்த பெண் கலைஞர் காணொளி விருதைப் பெற்றது. மேடையில் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் குறுக்கிட்டு ஒலிவாங்கியைப் பறித்தது இந்த விருதின்போதுதான். அந்த நிகழ்வு பின்னாளில் ஸ்விஃப்ட்டின் காணொளிகளுக்குள்ளேயே பேசுபொருளாயிற்று என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விவரத்தை விட்டுவிடக்கூடாது. சிவப்புக் காரில் வரும் கருங்கூந்தல் காதலியாக நடித்திருப்பதும் ஸ்விஃப்ட்தான். நேர்மையான அடுத்த வீட்டுப் பெண், கவர்ச்சியான எதிரி என இரண்டு வேடங்களையும் ஒருவரே ஏற்கும்போது, நட்சத்திரமே காட்சிப் பொருள் என்ற பாப் மரபு ஓசையில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

இரண்டு கோட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தல்

ஒரே கூறு இரண்டு வகைமைகளில் வரும் இடங்களைத் தேடிப் பிடியுங்கள். பகுப்பாய்வுக்கு அவற்றை விட நல்ல இடம் கிடையாது. ‘லவ் ஸ்டோரி’யில் ஒரு கோட்டை வருகிறது, ‘பிளாங்க் ஸ்பேஸ்’ பாடலிலும் ஒரு கோட்டை வருகிறது. முன்னது டென்னசி மாநிலத்து ஆரிங்டனில் உள்ள கேசில் க்வின், அதாவது வேல்ஸ் நாட்டுப் பழங்கோட்டை ஒன்றின் பாணியில் இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தனியார் கட்டடம். பின்னது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள ஓஹேகா கேசில், வங்கியாளர் ஓட்டோ கான் முதல் உலகப்போர்க் காலத்தில் எழுப்பிய மாளிகை. ‘இரண்டிலும் கோட்டை உள்ளது, இது தேவதைக் கதையைக் குறிக்கிறது’ என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கோட்டை யாருடையது? 2008இல் நீண்ட கவுன் அணிந்த நாயகி மாடத்தில் நின்று காத்திருக்கிறாள்; அவன் அவளைத் தேடி வருகிறான். 2014இல் வீடு அவளுடையது. அவன் காரில் வந்து இறங்கும் விருந்தாளி. கேமராவை யார் பார்க்கிறார்? முதலாவதில் அவள் பார்வை பெரும்பாலும் அவனை நோக்கியது; இரண்டாவதில் மஸ்காரா வழியும் கண்களோடு நம்மை நேராகப் பார்த்துப் பாடுகிறாள். பொருள்கள் என்னவாகின்றன? பாப் காணொளிகளில் பார்வையாளர் ஆசைப்படுவதற்கென்றே காட்டப்படும் ஆடம்பரங்கள், அதாவது ஸ்போர்ட்ஸ் கார், விலையுயர்ந்த சட்டைகள், கேக், வெள்ளைக் குதிரைகள், எல்லாம் முதல் பாதியில் மரபுப்படி அணிவகுக்கின்றன. பிறகு கார் கோல்ஃப் மட்டையால் நொறுக்கப்படுகிறது, சட்டைகள் கத்தரிக்கப்படுகின்றன, கேக்கைக் கத்தியால் குத்தினால் சிவப்பாக ஒழுகுகிறது. அடிக்கடி காதலர்களை மாற்றுபவர் என்று பத்திரிகைகள் தம்மைப் பற்றி வரைந்த சித்திரத்தையே வேடமாக அணிந்து அவர் கேலி செய்கிறார். பாடுபவரின் நேர்மையை ஐயப்படாதே என்ற கன்ட்ரி ஒப்பந்தம் இங்கே கிழிகிறது.

ஆனால் முடிவைக் கவனியுங்கள். ‘லவ் ஸ்டோரி’ கல்லூரி வளாகத்து மரத்தடியில் நிற்கும் ஒருவனைப் பார்ப்பதில் தொடங்கி, பழங்காலக் கனவுக்குள் போய், மீண்டும் அதே வளாகத்தில் முடிகிறது. ‘பிளாங்க் ஸ்பேஸ்’ ஒருவன் காரில் வருவதில் தொடங்கி, வேறொருவன் காரில் வருவதில் முடிகிறது. சந்திப்பு, கதை, மீண்டும் சந்திப்பு என்ற வட்டம் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும், வேறு இயக்குநரின் கையிலும், வேறு வகைமையிலும் அப்படியே இருக்கிறது. பொருள் மட்டும் நம்பிக்கையிலிருந்து நக்கலுக்கு மாறிவிட்டது. கிட்டாரைக் கீழே வைத்த பிறகும் ஸ்விஃப்ட் கன்ட்ரியின் கதைசொல்லும் முறையைக் கைவிடவில்லை என்பது என் வாதம். மறுப்பவர்கள் ‘ஷேக் இட் ஆஃப்’ காணொளியைக் காட்டலாம். அதில் கதை என்று எதுவும் இல்லை.

கதையே இல்லாத காணொளியைப் படித்தல்

‘ஷேக் இட் ஆஃப்’ முழுக்க முழுக்க நிகழ்த்துதல். பாலே, பிரேக் டான்ஸ், சியர்லீடிங், ரிப்பன் ஜிம்னாஸ்டிக்ஸ், நவீன நடனம் என ஒவ்வொரு குழுவுக்கு நடுவிலும் ஸ்விஃப்ட் நின்று தடுமாறுகிறார். முடிவில் ரசிகர்களோடு சேர்ந்து இஷ்டம்போல் ஆடுகிறார். பாப் பாடகி நன்றாக ஆட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதில் தோற்றுக் காட்டுவதன் மூலமே அவர் பாப் உலகத்துக்குள் நுழைகிறார். அடுத்த வீட்டுப் பெண் என்ற பழைய பிம்பம், கன்ட்ரி அடையாளம் ஒன்றுகூட இல்லாமல், அந்தத் தடுமாற்றத்தின் வழியாகவே காப்பாற்றப்படுகிறது.

மரபை எடுத்தாள்வது எப்போதும் யாருக்கும் சேதமில்லாத விளையாட்டாக முடிவதில்லை என்பதையும் இந்தக் காணொளியிலேயே எழுதலாம். இதில் வரும் ட்வெர்க்கிங் (இடுப்பை வேகமாகக் குலுக்கி ஆடும் நடனம்) காட்சி, ஹிப்-ஹாப் அடையாளங்களையும் கறுப்பினப் பெண்களின் உடல்களையும் வேடிக்கைப் பொருளாக்குகிறது என்ற விமர்சனம் வெளிவந்த உடனேயே எழுந்தது. எல்லா நடன வகைகளின் தேய்ந்த பிம்பங்களையும் பகடி செய்வதே நோக்கம் என்ற பதிலும் வந்தது. இரண்டையும் குறிப்பிட்டுவிட்டு அட்டவணைக்குத் திரும்புங்கள். பாலே கலைஞர்களைக் கேமரா எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு நேரம், முகத்தோடா முகமில்லாமலா காட்டுகிறது. ட்வெர்க்கிங் ஆடுபவர்களை எப்படிக் காட்டுகிறது? நோக்கத்தைப் பற்றிய சண்டையை விட இந்த ஒப்பீடு உறுதியான முடிவுக்குக் கொண்டுபோகும்.

சந்தையையும் கணக்கில் சேர்த்தல்

இசைக் காணொளி ஆய்வில் அதிகம் பயன்படும் சட்டகம் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் முன்வைத்தது. பாடல்வரிக்கும் படத்துக்கும், இசைக்கும் படத்துக்கும் உள்ள உறவு, வகைமைக்குரிய அடையாளங்கள், பிற படைப்புகளைச் சுட்டுதல், பார்க்கப்படும் உடல் ஆகியவற்றோடு, இசை நிறுவனம் கேட்கும் குளோசப்புகளையும் அவர் சேர்த்தார். புதியவர்கள் மறப்பது இந்தக் கடைசிக் கூறைத்தான். காணொளி முதலில் ஒரு விளம்பரம்.

‘கார்டிகன்’ இதற்கு நல்ல சான்று. மரவீடு, பழைய பியானோ, அதைத் திறந்து உள்ளே ஏறினால் பாசி படர்ந்த காடு, பிறகு கொந்தளிக்கும் கடல், கடைசியில் நனைந்தபடி வீடு திரும்பி ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துப் போர்த்திக்கொள்ளும் பாடகி. பெருந்தொற்றுக் காலத்தில் எடுக்கப்பட்டதால் ஒப்பனையையும் சிகையலங்காரத்தையும் அவரே செய்துகொண்டார். ஒளிப்பதிவு செய்தவரோ ஹாலிவுட்டின் முன்னணி ஒளிப்பதிவாளர் ரோட்ரிகோ ப்ரியெட்டோ. தனிமை, கைவினை, இயற்கை என்று ஃபோக் மரபின் ஒவ்வொரு கூறும் ஒழுங்காக இருக்கிறது. தொடங்கிய இடத்துக்கே திரும்பும் அந்த வட்டமும் இருக்கிறது. அதே கம்பளிச் சட்டை அவருடைய இணையக் கடையில் விற்பனைக்கும் வந்தது. வீட்டில் பின்னியது போன்ற ஒன்றை ஆயிரக்கணக்கில் விற்பதில் உள்ள முரணைச் சுட்டாத ‘கார்டிகன்’ கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

நட்சத்திரமே ஒரு வகைமையாகும்போது

2017இல் வந்த ‘லுக் வாட் யூ மேட் மீ டூ’ முதல் நாளில் மட்டும் யூடியூபில் 4.32 கோடி முறை பார்க்கப்பட்டது. கல்லறையிலிருந்து எழும் பிணம், பாம்புகள் சூழ்ந்த அரியணை, வைரம் நிறைந்த குளியல் தொட்டி என்று திகில் படம் முதல் பாப் ஆடம்பரம் வரை பல மரபுகள் அதில் மோதுகின்றன. கடைசிக் காட்சியில் பழைய ஸ்விஃப்ட்கள் வரிசையாக நின்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த ‘ஜூனியர் ஜுவல்ஸ்’ டி-ஷர்ட் அணிந்தவர், இன்னொருவர் 2009 விருது மேடையின் உடையில் வந்தவர். இங்கே சுட்டப்படும் மரபு வேறு யாருடையதும் அல்ல, அவருடையதே. இத்தகைய காணொளியில் ரசிகர்கள் துப்புத் தேடுவது இயல்பு. ஆனால் எந்தப் பொருள் எந்த முன்னாள் காதலரைக் குறிக்கிறது என்ற ஊகத்தைப் பகுப்பாய்வுக்குள் கொண்டுவராதீர்கள். திரையில் இருப்பதையும் முந்தைய காணொளிகளில் இருந்ததையும் வைத்து நிறுவ முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

எழுதுதல்

அட்டவணை முடிந்ததும் ஒற்றை வாக்கியத்தில் உங்கள் வாதத்தை எழுதிப் பாருங்கள். ‘இக்காணொளி பாப் மரபுகளைப் பின்பற்றியும் மீறியும் உள்ளது’ என்பது எந்தக் காணொளிக்கும் பொருந்தும், ஆகவே பயனில்லை. ‘பிளாங்க் ஸ்பேஸ், பாப் காணொளியின் ஆடம்பரக் காட்சிகளை முதல் பாதியில் அப்படியே அடுக்கி, இரண்டாம் பாதியில் அவற்றையே அழிப்பதன் மூலம், பாடகியைப் பற்றிய ஊடகச் சித்திரத்தைக் கேலிக்குரியதாக்குகிறது’ என்பது சரியா தவறா என்று ஒருவர் சோதிக்க முடிந்த வாக்கியம். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு மரபு, அது தென்படும் ஷாட், அதன் நேரம், அதே காலத்து வேறொரு காணொளியோடு ஒப்பீடு ஆகிய நான்கும் இருக்கட்டும். ஒளியும் படத்தொகுப்பும் பற்றிய பத்திகளில் ‘ஸ்விஃப்ட் காட்டுகிறார்’ என்பதற்குப் பதில் இயக்குநரின் பெயரை எழுதுங்கள். அவரே இயக்கிய ‘கார்டிகன்’ போன்றவற்றில் மட்டும் இரண்டும் ஒன்று.

கட்டுரையை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை மீதமிருக்கிறது. நீங்கள் ஸ்விஃப்ட்டுக்கே உரியது என்று சொன்ன கூறு, அவர் சம்பந்தப்படாத மூன்று கன்ட்ரி காணொளிகளிலும் மூன்று பாப் காணொளிகளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன வட்ட முடிவு கன்ட்ரி மூன்றிலும் இருந்து பாப் மூன்றிலும் இல்லையென்றால், வாதம் வலுக்கிறது. பாப் காணொளிகளிலும் அது தாராளமாகக் கிடைத்தால், அது கன்ட்ரி கொடுத்த சொத்து என்ற வரியை நீக்கிவிட்டு, குறும்படத்தன்மை கொண்ட எல்லாக் காணொளிகளுக்கும் பொதுவான உத்தி என்று மாற்றி எழுதி, அதற்கேற்ப முதல் பத்தியையும் திருத்துங்கள்.